கோணக்காட்டார் கேட்ட விலை

கோணக்காட்டில் மொத்தம் ஐந்தே வீடு. அங்கே எதுவானாலும் சரிபங்குதான். விருந்தாளி வந்தால் முதல் வீட்டில் சோறு போடுவார்கள், இரண்டாம் வீட்டில் குழம்பு ஊற்றுவார்கள், கடைசி வீட்டுச் சென்றாயன் கை கழுவத் தண்ணீர் கொடுப்பான். வந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை, மறுபடி வந்ததும் இல்லை.

அந்த வருஷம் சென்றாயன் வீட்டில் வரகு மூட்டை கூரையை முட்டிக்கொண்டு நின்றது. வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டால் அறுப்புக் கூலிகூடத் தேறாது. காட்டை விற்றுவிட்டு டவுனுக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கவலையில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை. அப்போதுதான் நாட்டின் விவசாயக் கொள்கையைத் திருத்தப்போகும் குழு ஒன்று டவுனுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. ஊருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாமாம்.

"யாரு சொல்றது?" என்றாள் பொம்மியக்கா.

"ஒருத்தர் சொன்னா மத்த நாலு வீடும் ஊமையா?" என்றான் சென்றாயன்.

எட்டாவது வரை படித்த மாதையன் வழக்கைத் தீர்த்தான். "ஆளுக்கு ஒரு சொல்லு."

வரகுக்கும், சாமைக்கும், நியாயமான, விலை, வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் சென்றாயனுக்கு 'விலை' வந்தது. சொல்லை வழியில் செலவழித்துவிடக் கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் பஸ் ஸ்டாண்டில் அவன் என்ன விலை என்று கேட்காமலே டீ குடித்துவிட்டு, கடைக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தான்.

பஸ்ஸில் வாக்கியம் கலையாமல் கடைசி சீட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இடையில் ஒரு பூக்கார அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நீங்க எங்க வாக்கியத்துக்கு நடுவுல உக்காந்திருக்கீங்க," என்றான் மாதையன் பணிவாக. "கொஞ்சம் எந்திரிச்சுக்குங்க, அர்த்தம் மாறிடும்."

அந்த அம்மா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

கூட்டத்தில் வாக்கியம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. குழுவின் தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஐந்து பேரையும் பார்த்தார்.

"நியாயமாத்தான் கேக்கறீங்க. குவிண்டாலுக்கு என்ன விலை வேணும்? சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்."

சென்றாயன் ஓரடி முன்னால் வந்தான். பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் எண்ணை இன்னும் பங்கு வைக்கவில்லையே.

"நான் சொல்லிடட்டுமா?" என்றான்.

"அப்ப உனக்கு மட்டும் ரெண்டு சொல்லா?" என்றாள் பொம்மியக்கா.

மூலையில் கூடிப் பேசினார்கள். ஆளுக்கு ஓர் இலக்கம் என்று முடிவானது.

"எல்லாரும் ரெண்டுன்னு சொல்லிடலாம். யாருக்கும் மனஸ்தாபம் இருக்காது," என்றான் சென்றாயன்.

மாதையன் தலையை ஆட்டினான். "அது தப்பு. முதல்ல நிக்கறவன் ரெண்டு, இருபதாயிரம். கடைசியில நிக்கறவன் ரெண்டு, வெறும் ரெண்டு. இதுவா சரிபங்கு?"

எல்லோரும் அசந்துபோனார்கள். மாதையன் வெகுநேரம் விரலை மடக்கி மடக்கி யோசித்தான்.

"எங்க நின்னாலும் ஒரே மதிப்பா இருக்கற எண்ணு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு," என்றான் கடைசியில்.

ஐந்து பேரும் வரிசையில் நிமிர்ந்து நின்று, ஆளுக்கு ஒன்றாகச் சைபர் சொன்னார்கள். தலைவியம்மா பேனாவைப் பிடித்தபடி இன்னொரு தடவை கேட்டார். இரண்டாம் தடவையும் ஒரு சைபர்கூடக் குறையவில்லை.

திரும்பும்போது சென்றாயனுக்கு மட்டும் மனசு லேசாக உறுத்தியது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு என்ன எழுதினார்கள் என்று பஸ்ஸில் விசாரித்தான். விசாரித்த பிறகுதான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"பாவம்க்கா," என்றான் பொம்மியக்காவிடம். "அவங்களுக்கு நாலு இலக்கம்தான் கெடச்சிருக்கு."