கணவாயில் காற்று அடித்த கதை

மூங்கில்காட்டில் வேலாயுதம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் அதற்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் பெயர் ஊசிமல்லி. பெண்ணின் அப்பா கறாரான பேர்வழி.

"பௌர்ணமி அன்னைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள மாப்பிள்ளை இங்க வந்து நிக்கணும். இல்லைன்னா என் தங்கச்சி மகனை மணவறையில உட்கார வச்சிடுவேன்!" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சைக்கிளில் போவதென்று வேலாயுதம் முடிவு செய்தது. உடனே கிளம்பியதா? அதுதான் இல்லை. சாமான் சேர்க்க ஆரம்பித்தது.

மழை வந்தால் என்ன செய்வது? ஒரு கூடாரம். கூடாரம் ஒழுகினால்? இன்னொரு கூடாரம். பசித்தால்? அடுப்பு, சட்டி, கரண்டி, அம்மிக்கல். அடேயப்பா, துவையல் அரைக்காமல் யாராவது மலையேற முடியுமா! கேரியரில் ஒரு மூட்டை, இரண்டு பக்கமும் தொங்குபைகள், ஹேண்டில்பாரில் ஒரு கூடை. முள்ளில் உட்கார மறுத்த தலைக்கவசம் வேறு ஓரமாகத் தொங்கியது. சைக்கிள் எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வழியனுப்ப வந்த பக்கத்துப் பொந்துக் கீரிப்பிள்ளை செவத்தி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தது.

"தம்பி, காத்து அடிக்க ஏதாச்சும் எடுத்து வச்சியா?"

வேலாயுதத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காத்தா? நான் கணவாய் வழியாப் போறேன் அக்கா! அங்க காத்து தானா அடிக்கும். அதைப் போய் இங்கேயிருந்து யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்களா?"

"அட, சக்கரத்துக்குக் காத்துடா! இந்தா, என் கைப்பம்பு. சின்னதுதான், ஒரு ஓரமா வச்சுக்க."

"சக்கரத்துலதான் ஏற்கெனவே காத்து இருக்கே! பம்பு வைக்க எங்க இடம் இருக்கு?"

"அந்த அம்மிக் குழவியை இறக்கி வச்சிட்டு இதை வை."

"நல்லா இருக்கே கதை! குழவி இல்லாம வெறும் அம்மியை வச்சு நான் என்ன பண்றது?"

எவ்வளவு நியாயமான கேள்வி! செவத்தி பம்பை எடுத்துக்கொண்டு பொந்துக்குள் போய்விட்டது.

பௌர்ணமிக்கு முந்தின நாளே வேலாயுதம் கிளம்பியது. வெறும் சைக்கிளில் போயிருந்தால் சாயங்காலமே மாமனார் வீட்டில் பலகாரம் தின்றிருக்கலாம். நம்ம மாப்பிள்ளையோ அம்மியை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, மறுநாள் காலையில்தான் கணவாய் உச்சியைத் தொட்டது. பரவாயில்லை, இனிமேல் இறக்கம்தான். மாலையும் கழுத்துமாக ஊசிமல்லி நிற்பதை நினைத்துப் பார்த்தது. முதுகு சிலிர்த்தது. ஒரு முள் உதிர்ந்தது. பின்சக்கரம் சரியாக அதன்மேல் ஏறியது.

"புஸ்ஸ்ஸ்!"

பசையும் ரப்பர் துண்டும் பையில் இருந்தன. ஓட்டையை அழகாக ஒட்டிவிட்டது. ஒட்டி என்ன? சக்கரம் சப்பென்று கிடந்தது. மேலே மட்டும் காதைப் பிய்க்கும் காற்று!

பாறைமேல் ஒரு வரையாடு புல் மென்றுகொண்டிருந்தது.

"அண்ணே! காத்து அடிக்கணும், அண்ணே! அவசரம்!"

"இதுக்கு என்னத்துக்குத் தம்பி அவசரம்?" என்றது வரையாடு. "இங்க எந்நேரமும் அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு! உட்காருங்க. சாயங்காலம் இன்னும் நல்லா அடிக்கும்!"

வேலாயுதத்துக்கு அழுகை முட்டியது. சாமானைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால்கூட முகூர்த்தத்தைப் பிடித்திருக்கலாம். ஆனால் இரண்டு கூடாரத்தையும் யார் பார்த்துக்கொள்வது? தள்ளிக்கொண்டே இறங்கியது.

அது போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணவறையில் ஊசிமல்லிக்குப் பக்கத்தில் அத்தை மகன் உட்கார்ந்திருந்தான்.

ஊசிமல்லி எழுந்து வந்து மூட்டையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "உச்சிப்பொழுது வரைக்கும் அந்தக் கணவாயையே பார்த்துக்கிட்டு நின்னேன். இப்ப எனக்கு அம்மி மிதிச்சாச்சு. இனிமே நீங்க கொண்டு வந்த அம்மி எதுக்கு?"

பெண்ணின் அப்பாவோ ஒவ்வொரு சாமானாக இறக்கிப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அடுப்பு, சட்டி, கரண்டி, குழவியோட அம்மி! தனிக்குடித்தனத்துக்கு எதுவுமே பாக்கியில்லை! வந்தவங்க எல்லாம் வெறுங்கையோட வந்தாங்க. சீர் செய்யத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான் தம்பி!"

அவர் நன்றியுள்ள மனுஷர். வேலாயுதம் திரும்பும்போது தன் வீட்டுப் பம்பை எடுத்து வந்து, பின்சக்கரத்துக்குக் காற்றும் அடித்துக் கொடுத்தார்.

போய்ச் சேர எது வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சுமந்து போகிறவன், அடுத்தவன் கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போகிறவனாகத்தான் போய்ச் சேருவான்.