கமர்கட்டு கரையும்வரை

"மேடம், இந்தப் பசங்க ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டேங்கறாங்க" என்றார் அறவாழி.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள்.

மலைமேல், ஒரு பழைய காப்பித் தோட்டத்து பங்களாவில் நடக்கும் கோடை முகாம் அது. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். ஆசிரியர்களும் அவர்களோடுதான் தங்க வேண்டும், அவர்களோடுதான் சாப்பிட வேண்டும். முகாமை நடத்துபவள் எஸ்தர். வயதில் அறவாழிக்கு மகள் மாதிரி. அறவாழிக்கோ தலை நரைத்துவிட்டது. கீழே ஊரில், ஒரு பயிற்சி மையத்தில் இயற்பியல் நடத்தி நடத்தியே நரைத்த தலை.

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் எல்லோரும் கூடி உட்காரும்போது, அன்று பிள்ளைகள் தன்னைக் கேட்ட ஒரு கேள்வியை ஒவ்வொரு ஆசிரியரும் சொல்ல வேண்டும். பதில் தெரியாத கேள்வி என்றால் கைதட்டல். கேள்வியே வராத ஆசிரியர் சாம்பார் அண்டாவைக் கழுவ வேண்டும்.

அறவாழி வந்த நாளிலிருந்து அண்டாவை அவர்தான் கழுவுகிறார். சமையல்காரருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

"என்கிட்ட என்ன மேடம் குறை? ஒரு குறையும் இல்ல. பாடம் தெரியாதா? தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். பசங்க மக்கா? அதுவும் இல்ல, கெட்டிக்காரப் பசங்க. அப்ப ஏன் கேக்க மாட்டேங்கறாங்க? பயம். எதுக்குப் பயம்? பழக்கமில்ல. சரிதானே? சரிதான்."

எஸ்தர் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய இடது கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"பல்வலி இன்னும் போகலையா மேடம்? கிராம்புத் தைலம் வைங்கன்னு அன்னிக்கே சொன்னேனே. வெச்சீங்களா? வெச்சிருக்க மாட்டீங்க."

அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அறவாழியின் குரல் இறங்கியது.

"பெட்டி கட்டிட்டேன் மேடம். மத்தியானப் பஸ்ஸுக்குக் கீழ போயிடறேன்."

"அண்டாவுக்காகவா?"

"அண்டா கெடக்குது. இத்தனை வருஷமா எத்தனை பேருக்கு மார்க் வாங்கிக் குடுத்திருக்கேன். ஆனா நான் வாத்தியார்தானான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. பயமாவும் இருக்கு. நான் வாத்தியார்தானா மேடம்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் தானே பதில் சொல்லிக்கொள்ளவில்லை.

எஸ்தர் எழுந்தாள். அலமாரியிலிருந்த டப்பாவைத் திறந்து, ஒரு கைப்பிடி கமர்கட்டை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கடைசியா ஒரு வகுப்பு இருக்குல்ல சார்?"

"இருக்கு."

"உள்ள போறப்ப ஒண்ணை வாயில போட்டுக்கங்க. கடிக்கக் கூடாது. கரைஞ்சதும் பேசுங்க."

"நான் என் மானம் போற கதையைச் சொல்றேன். நீங்க மிட்டாய் குடுக்கறீங்க!"

"பெல் அடிச்சாச்சு சார்."

அறவாழிக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாக வீசியிருப்பார். ஆனால் கமர்கட்டு அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மற்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வகுப்புக்குள் நுழைந்தார்.

கரும்பலகையில் ஒரு கயிறு வரைந்தார். கயிற்றின் நுனியில் ஒரு குண்டு வரைந்தார். பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

'இது என்ன? தனி ஊசல். எதனால ஆடுது? புவியீர்ப்பு. புரிஞ்சுதா? புரிஞ்சுது' என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார். கமர்கட்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ம்ம்" என்றார்.

வகுப்பு காத்திருந்தது.

"ம்ம்."

"சாருக்குப் பல்வலி போல" என்று நசீமா பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்.

"அப்ப இன்னிக்கு யாரு நடத்துவா?"

அப்படி ஓர் அமைதியை அறவாழி தன் வகுப்பில் கண்டதே இல்லை. அமைதி பொறுக்காமல் கடைசி பெஞ்சிலிருந்து தீர்த்தகிரி எழுந்தான். நல்ல ஆகிருதி அவனுக்கு.

"எனக்குத் தெரியும். இது தனி ஊசல். குண்டு கனமா இருந்தா வேகமா ஆடும்."

தப்பு! அறவாழியின் உடம்பு முழுக்கக் கத்தியது. கமர்கட்டை விழுங்கிவிடலாமா என்று பார்த்தார். தொண்டை ஒத்துழைக்கவில்லை.

"ஆடாது" என்றாள் நசீமா.

"ஆடும்."

"அப்ப வெளிய இருக்கற ஊஞ்சல்ல நீ ஒக்காந்தா என்னைவிட வேகமா போகணுமே. நேத்து அப்படி ஒண்ணும் போகலையே!"

"நேத்து நான் சரியா ஆடலை."

"வா, பாக்கலாம்."

வகுப்பே எழுந்து வெளியே ஓடியது. சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி அறவாழியும் பின்னாலேயே ஓடினார்.

பலாமரத்து ஊஞ்சலில் முதலில் தீர்த்தகிரி ஆடினான். கிளை முனகியது. பிறகு நசீமா ஆடினாள். ஒருத்தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுபடி ஆடச் சொன்னார்கள், மறுபடி பார்த்தான். ரெண்டும் ஒரே நேரம்தான்.

"தோத்துட்டேன்" என்றான் தீர்த்தகிரி. அவனுக்கு அதில் வருத்தமே இல்லை.

நசீமா இறங்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இன்னும் உயர உயரப் போனாள். போனவள் திடீரென்று காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினாள்.

"என்னை இப்ப யாரு தள்ளினது?"

"யாரும் தள்ளலை. நீயேதான் காலை நீட்டி மடக்கி ஆடினே."

"பஸ்ஸுக்குள்ள ஒக்காந்துக்கிட்டுக் காலை நீட்டி மடக்கினா பஸ் போகுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

"வெளியிலிருந்து ஒருத்தர் தள்ளணும். இல்லாட்டி எதுவும் நகராதுன்னுதான படிச்சிருக்கோம்? அப்ப ஊஞ்சல்ல மட்டும் எப்படி? எப்படி சார்?"

எல்லோரும் அறவாழியைப் பார்த்தார்கள்.

கமர்கட்டு கரைந்துவிட்டிருந்தது.

பதில் நாக்கு நுனிக்கு வந்தது. நல்ல பதில், இரண்டு மார்க் பதில். அதை ஊஞ்சலோடு வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. ஊசல் கணக்கு ஆயிரம் போட்டவர் அவர். ஒரு தடவைகூட ஊஞ்சலை நினைத்துப் பார்த்ததில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாததில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்பதும் தெரியாது.

கை சட்டைப் பைக்குப் போனது. இன்னொரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ம்ம்?" என்றார் நசீமாவைப் பார்த்து.

"நான் சொல்லவா?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மலையிறங்கிப் போனது. அறவாழி போகவில்லை என்று தெரிந்து சமையல்காரர் சந்தோஷப்பட்டார். பாவம், ராத்திரி அண்டாவை யார் கழுவப் போகிறார்கள் என்று அவருக்கு அப்போது தெரியாது.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் சண்டை ஓயவில்லை. அது ஓய்வதற்குள் பையிலிருந்த கமர்கட்டு தீர்ந்துபோனது. அறவாழி எஸ்தரின் அறைக்கு ஓடினார்.

"மேடம், கேள்வி வந்துருச்சு! யாரும் தள்ளாம ஊஞ்சல்ல நாமளே எப்படி உசரப் போறோம்? பஸ்ஸுல முடியாதது ஊஞ்சல்ல எப்படி முடியுது? இதுக்கு என்ன மேடம் பதில்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

எஸ்தர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கன்னம் வீங்கியே இருந்தது.

அறவாழியின் கை தன்னையறியாமல் தன் கன்னத்தைத் தொட்டது.

"மேடம்... அது பல்வலி இல்லையா?"

எஸ்தரின் வீக்கம் இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு நகர்ந்தது.