இரண்டே கால் மணி

துவாரகன் அந்தக் கிளப்புக்கு வந்து இது மூன்றாவது வருடம். இங்கிலாந்தின் நான்காவது டிவிஷனில் ஆடும் சின்ன கால்பந்து கிளப். அவன் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் டாசனுக்குக் காயம் பட்டால்தான் அவனுக்கு ஆட்டம். டாசனுக்குக் காயமே படவில்லை.

மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. முப்பத்தொரு வயதில், ஆடாத கீப்பரை யார் எடுப்பார்கள்?

கோல்கீப்பர்களின் பயிற்சியாளர் பெவன் அவனைவிட இரண்டு வயது இளையவர். முழங்கால் போய், இருபத்தைந்திலேயே ஆட்டத்தை விட்டவர். அவரால் பந்தை உதைக்க முடியாது. அதனால் ஆட்டத்துக்கு முன் டாசனின் கைகளைத் தயார் செய்வது துவாரகனின் வேலை. இருபது பந்துகள். இவன் உதைப்பான், டாசன் பிடிப்பான். பிறகு இவன் கோட் மாட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் போவான்.

ஒரு நாள் கேட்டான்.

"கோச், என் முறை எப்போ வரும்?"

"சனிக்கிழமை. ரெண்டே காலுக்கு."

"மேட்ச் மூணு மணிக்கு. ரெண்டே காலுக்கு நான் டாசனுக்குப் பந்து போடறேன்."

"ஆமா," என்றார் பெவன்.

துவாரகனுக்கு எரிச்சல் வந்தது.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். ஆனாலும் புல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஈரப் புல்லில் பந்து வழுக்கும். அதற்காகவே பெவன் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பார். பந்துகளை அதில் முக்கித்தான் உதைக்க வேண்டும்.

துவாரகன் முக்கவில்லை. இருபது பந்துகளையும் டாசனின் நெஞ்சுக்கு நேராக, மெதுவாக அனுப்பினான்.

"பந்து நனையலையே," என்றார் பெவன்.

"வெயிலா இருக்கு கோச்."

பெவன் அவனையே பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார்.

ஒன்பதாவது நிமிடம், தாழ்வாக வந்த பந்து டாசனின் கையில் பட்டு வழுக்கி உள்ளே போனது. இரண்டாம் பாதியில் இன்னொன்று.

"டேய் டாசன், கையில என்ன எண்ணெயா?" என்று கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ரசிகர்கள் கத்தினார்கள்.

பெஞ்சில் துவாரகன் கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை, அணியைத் தேர்வு செய்யும் மேனேஜர் துவாரகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்த ஆட்டம் உனக்கு.

அடுத்த சனிக்கிழமை இரண்டே கால். இப்போது உதைப்பது டாசனின் வேலை. அவன் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். முதல் பந்தை முக்கி எடுத்து, தாழ்வாக, வலது கம்பத்தை ஒட்டி அடித்தான். துவாரகனின் கைக்குக் கீழே வழுக்கிப் போனது.

"என்னடா, இன்னும் தூக்கமா?" என்றான் டாசன்.

அடுத்தது மணிக்கட்டில் பட்டது. அதற்கடுத்ததும் போனது. பதினைந்தாவது பந்துக்குத்தான் விரல்கள் விழித்துக்கொண்டன. டாசன் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான்.

துவாரகன் பெவனிடம் வந்தான்.

"கோச், போன வாரம் நான்..."

"தெரியும்."

"டாசனுக்கு?"

"மூணாவது பந்துலயே வந்து கேட்டான். உனக்கு உடம்பு சரியில்லையான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

துவாரகன் டாசனிடம் போனான்.

"போன வாரம் எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

டாசன் பந்துகளைப் பையில் போடுவதை நிறுத்தினான். அவன் முகம் சிவந்தது. எதையோ சொல்ல வாயெடுத்து, மைதானக் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மேட்ச் முடியட்டும், திட்டறேன்," என்றான். "இப்போ கிளவுஸை நனை."

எண்பத்தெட்டாவது நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது ஒரு பந்து வந்தது. தாழ்வாக, ஈரமாக, வலது கம்பத்தை ஒட்டி. துவாரகன் விழுந்து பிடித்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புல்லிலேயே கிடந்தான். பெஞ்சில் முதலில் எழுந்து கத்தியது டாசன்.

ஆட்டம் முடிந்ததும் டாசன் சொன்னபடியே திட்டினான். உடை மாற்றும் அறையே திரும்பிப் பார்த்தது. திட்டி முடித்து, தன் வாழைப்பழத்தில் பாதியைப் பிய்த்து நீட்டினான்.

வெளியே பெவன் வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"கோச், அடுத்த சனிக்கிழமை நானா, டாசனா?"

பெவன் நிமிர்ந்தார்.

"எதைக் கேக்கறே? ரெண்டே காலுக்கா, மூணு மணிக்கா?"

துவாரகன் வாளியை வாங்கிக்கொண்டான்.