கழுவாத கை

தேரி என்றால் செம்மணல் காடு. அங்கே மேடுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்றடிக் காலம் முடிந்து கண்ணைத் திறந்தால் மேடு பள்ளமாகி, பள்ளம் மேடாகியிருக்கும். அந்தத் தேரிக்கு நடுவில் ஒரு கிணறு, முந்திரிக் கொட்டை காய்க்கும் நாலு கொல்லாமரம், ஓர் ஓலைக் குடிசை. குடிசையில் மதலேன் அம்மாள் இருந்தார். முன்பு தொழுநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இப்போது மணலில் கத்தரி போடுகிறவர்.

இன்னாசிமுத்து அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தாறு வயது. மதலேன் அம்மாளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சலவைச் சட்டை போட்டிருந்தார். தோளில் தொங்கிய பை நிறைய அவரே எழுதி அச்சடித்த நோட்டீஸ்கள்.

“எதுக்கு வந்தீங்க அண்ணாச்சி?”

“ஒரு கேள்வி. சாமியார்மாருட்ட கேட்டாச்சு. ஆயர்ட்ட கேட்டாச்சு. கமிஷன்காரன்ட்ட கேட்டாச்சு. ஒருத்தனுக்கும் பதில் தெரியல. உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க.”

“கேளுங்க.”

“கடவுள் மனுசனை மண்ணாலதானே செஞ்சார்? எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் குறுக்கே ஒரு சுவர் நிக்குது. அவர் மண்ணை எடுத்தது சுவருக்கு எந்தப் பக்கம்?”

மதலேன் அம்மாள் வெங்காயக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“உங்களுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியுமா?”

தெரியாது. உரித்தார்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் ஊரில் ஒரே கோயில், ஒரே பூசை, நாக்கில் வைப்பதும் ஒரே அப்பம். செத்த பிறகு மட்டும் சாதி பார்த்து இரண்டு பக்கம். பெரிய பக்கத்துக்குச் சிலுவை வைத்த இரும்புக் கதவு. சின்னப் பக்கத்துக்கு ஒரு சந்து வாசல். சவப்பெட்டியைச் சாய்த்தால்தான் உள்ளே போகும். முப்பது வருடம் இன்னாசிமுத்து அந்தச் சுவரோடு மல்லுக்கு நின்றார். இரண்டு தடவை சிறைக்குப் போனார். சுவருக்கு ஒரு செங்கல்கூட உதிரவில்லை. வருடாவருடம் வெள்ளையடித்தார்கள், அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள்: சுவர் விழுகிறவரை சின்ன வாசலை நம்மில் எவரும் மிதிப்பதில்லை. தெருவே கை தூக்கியது. ஆனால் சாவு தீர்மானத்துக்காகக் காத்திருக்குமா? மூன்றாம் மாதம் ஒரு பிணம் விழுந்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து பெட்டியைச் சாய்த்து நுழைந்தார்கள். கடைசியில் தீர்மானத்தை வைத்துக்கொண்டு நின்றவர் இன்னாசிமுத்து ஒருவர்தான். இளவட்டங்கள் அவருக்குக் ‘கேசட்’ என்று பேர் வைத்தார்கள். எப்போது போட்டாலும் ஒரே பாட்டு.

பதில் வரட்டும் என்று தேரியிலேயே தங்கிவிட்ட அவருக்குக் கிடைத்த வேலை, குளத்து வண்டலைச் செம்மணலோடு கலப்பது. வெறும் மணலில் கத்தரி நிற்காது. மதலேன் அம்மாள் முழங்கால் போட்டு இரண்டு கையாலும் பிசைவார். இன்னாசிமுத்து மண்வெட்டியால் தள்ளுவார். ஒவ்வொரு தடவையும் போய்க் கை கழுவிவிட்டு வருவார். நகக்கண் வெளுக்கிறவரை கழுவுவார்.

கிணறோ ஆழக் கிணறு. கயிறு முக்கால்வாசி போன பிறகுதான் வாளி தண்ணீரைத் தொடும்.

“கத்தரிக்கு ஒரு வாளி, உங்க கைக்கு ஒரு வாளியா?”

“எங்க ஆளு அழுக்குன்னு எவனும் வாயைத் திறக்கக் கூடாது. எங்க அம்மா பழக்கினது.”

“நல்ல அம்மா.”

அவர் அதைக் கேலி என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். மதலேன் அம்மாள் முகத்தில் கேலி இல்லை.

ஐப்பசி பிறந்தும் மழை தேரிக்கு வழி மறந்து போயிருந்தது. ஒருநாள் காலையில் இன்னாசிமுத்துவின் செல்போன் அடித்தது. மகள் ஜெசிந்தா. பேசி முடித்ததும் அவர் மண்வெட்டியை மணலில் குத்தி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

“என்னவாம் அண்ணாச்சி?”

“எங்க பக்கத்துல இடம் பத்தலையாம். கல்லறைத் திருநாள் முடிஞ்ச மறுநாள், சிமிண்டு பூசாத மேட்டையெல்லாம் நிரவப் போறாங்களாம். புதுசா வர்ற ஆளுக்கு இடம் வேணும்ல.”

“அதுல உங்களுக்கு யாரு இருக்கா?”

“என் வீட்டுக்காரி. செசிலி. பதினோரு வருசமாச்சு.”

“சிமிண்டு பூசலையா?”

“பூசணும்னா உள்ளே போகணுமே.”

மதலேன் அம்மாள் பிசைவதை நிறுத்தினார்.

“பதினோரு வருசமா நீங்க அங்க போகலையா?”

“நான் போட்ட தீர்மானத்தை நானே மிதிக்கவா? அடக்கத்தன்னைக்கும் வாசல்லதான் நின்னேன். பெட்டியைச் சாய்ச்சாங்க. உள்ள அவ உடம்பு ஒரு பக்கமா உருள்ற சத்தம் கேட்டுச்சு. ஜெசிந்தா திரும்பிப் பார்த்து, அப்பா வா, மூணு கை மண்ணு போட்டுட்டுப் போயிருன்னா. நான் அசையல. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. மேட்டை நிரவிட்டா, அவ எங்க கிடக்கான்னு பிறகு எவனுக்கும் தெரியாது.”

“அப்போ போங்க.”

“சுவர் நிக்குதே. இப்போ நான் குனிஞ்சு நுழைஞ்சா, சுவரைக் கட்டினவன் சிரிக்க மாட்டானா? என் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லுங்க. எந்தப் பக்கத்து மண்ணு?”

“வெயில் ஏறுது. மரத்தடியில போய்க் கொஞ்சம் கண்ணசருங்க.”

கோபத்தோடு போய்ப் படுத்தார். கோபம் இருந்தாலும் கண் சொருகியது. கொல்லாமரத்து இலைகளுக்கு நடுவே வெயில் துளித் துளியாக இறங்கியது. மணல் சரசரவென்று மேட்டிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. யாரோ வெகுதூரத்தில் அரிசி புடைப்பது போன்ற சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு உள்ளேயே நடந்து போனார். தேரி அங்கேயும் இருந்தது. ஆனால் அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. பனை இல்லை, கிணறு இல்லை, வேலி இல்லை. பறவைகள் மட்டும் தரையில் நடந்துகொண்டிருந்தன, பறக்கலாம் என்று இன்னும் யாரும் அவற்றுக்குச் சொல்லாதது போல. நடுவில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தார். கீழே ஈர மண்ணில் ஏதோ கிடந்தது. அதற்குத் தோள்பட்டை வந்திருந்தது. முகம் இன்னும் வரவில்லை. அவர் அவசரப்படவில்லை. கட்டைவிரலால் நெற்றியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். முழங்கை வரை சிவப்பு.

இன்னாசிமுத்து எத்தனையோ மேடையில் பேசியவர். அங்கே அவருக்குக் குரல் கொஞ்சமாகத்தான் வந்தது.

“இது எந்தப் பக்கத்து மண்ணு?”

மண்டியிட்டவர் திரும்பவில்லை. குனிந்து, முகம் இல்லாத அந்த முகத்தின் மேல் ஊதினார். மண்ணுக்கு மூச்சு வந்தது. விலா ஏறி இறங்கியது. எழுந்து உட்கார்ந்தது ஒரு பெண்ணா, ஆணா, கறுப்பா, சிவப்பா, ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது. செசிலி காலையில் விழித்ததும் சற்று நேரம் ஒன்றும் புரியாமல் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

இன்னாசிமுத்துவின் கையில் ஒரு செம்பு தண்ணீர் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. வேலை முடிந்தவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவதுதானே மரியாதை? நீட்டினார். மண்டியிட்டவர் இரண்டு கையையும் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

விழித்தபோது வாயோரம் மணல் ஒட்டியிருந்தது. போய் மதலேன் அம்மாளிடம் கண்டதை ஒன்று விடாமல் சொன்னார்.

“கேள்விக்குப் பதில் சொல்லல. தண்ணியையும் வாங்கல. கையை இழுத்துக்கிட்டார். எனக்கென்ன, தீட்டா அம்மா?”

மதலேன் அம்மாள் ஒரு கத்தரி நாற்றை ஊன்றி, அடியில் மண்ணை அணைத்தார்.

“நீங்க பைபிள்ல தொடக்க நூலை மனப்பாடமா வச்சிருக்கிறவர். ஆறாம் நாள் மனுசனைச் செஞ்சு வேலை முடிஞ்சதும் கடவுள் கை கழுவினதா எழுதியிருக்கா?”

இன்னாசிமுத்து ஒவ்வொரு வசனமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். நோட்டீஸில் எத்தனையோ தரம் அச்சடித்த வசனங்கள்.

“இல்ல.”

“ஏழாம் நாள்?”

“ஓய்ந்திருந்தார். அவ்வளவுதான்.”

“அப்போ மண்ணுக் கையோட அப்படியேதான் உக்காந்திருக்கார்.”

காற்று ஒரு பிடி மணலைத் தூக்கி இருவருக்கும் நடுவில் போட்டது. இன்னாசிமுத்து தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரம்மாவை அடக்கம் பண்ணினாங்களே, அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் என்ன செஞ்சீங்க?”

“எல்லாரும் செய்றதுதான். கை கால் கழுவினேன்.”

“கையில என்ன இருந்தது?”

அவர் இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்தார்.

“மண்ணு போட்டவங்க கழுவுவாங்க அண்ணாச்சி. ஏசுவைச் சாவுக்குக் கொடுத்துட்டு, கூட்டத்துக்கு முன்னால வெறுங்கையைக் கழுவினவர் ஒருத்தர் உண்டு. ஞாயித்துக்கிழமை பூசையில தவறாம அவர் பேரைச் சொல்றோம்.”

“பிலாத்துவும் நானும் ஒண்ணா? முப்பது வருசம் அம்மா. அடி வாங்கியிருக்கேன்.”

“தெரியும். நீங்க வாங்கின அடி உங்க முதுகுல இருக்கு. அதை யாரும் எடுத்துக்க முடியாது.” மதலேன் அம்மாள் அடுத்த நாற்றை எடுத்தார். “செசிலி எந்த வாசல் வழியாப் போனாங்க?”

“சின்ன வாசல்.”

“தோத்துப் போயா போனாங்க?”

பழக்கம் விடுமா, அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய் வாளி நிறைய இறைத்தார். கழுவுவதற்குக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, முழுவதையும் வண்டல் மேல் கவிழ்த்தார். மண்டியிட்டார். சலவைச் சட்டையின் கை நனைய நனையப் பிசைந்தார். மண் குளிர்ச்சியாக இருந்தது. விரலுக்கு விரல் பிதுங்கி வந்தது.

பொழுது சாய்வதற்குள் நாற்றெல்லாம் நட்டு முடிந்தது. இன்னாசிமுத்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“நாலு நாள் இருக்கே அண்ணாச்சி.”

“மேட்டுக்குச் சிமிண்டு பூசணும். காயணும்ல.” கொஞ்சம் நின்றார். “பூசிட்டு, அந்தச் சுவருக்குப் பக்கத்துலயே போய் உக்காரப் போறேன். இந்தத் தடவை உள்பக்கமா.”

“நல்லது.”

“கேசட்டு திரும்பவும் பாடுதுன்னு சொல்லுவானுக.”

“பாடட்டும்.”

நாலடி போனவர் திரும்பி வந்தார். முழங்கை வரை மண் காய்ந்து வெடித்திருந்தது.

“கடைசிவரைக்கும் நீங்க பதில் சொல்லவே இல்லையே அம்மா. அவர் எடுத்தது எந்தப் பக்கத்து மண்ணு?”

மதலேன் அம்மாள் நிமிரவில்லை.

“செசிலி படுத்திருக்கிற பக்கம்.”