மூலைக்கு ஒரு சாண் முன்னால்

கோகிலாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ராமாத்தாளுக்கு நாற்பத்தாறு. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிட்டாள். சிஷ்யை குருவை அம்மிணி என்று கூப்பிட்டாள்.

உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர்கள் கடை. பிரிண்ட் ஆகி வரும் பிளெக்ஸ் பேனருக்கு நாலு ஓரமும் மடித்து ஒட்டிக் கொடுப்பார்கள். அதற்கு ஹீட் கன் என்று ஒன்று வைத்திருந்தார்கள். பார்க்கத் தலைமுடி காயவைக்கிற மிஷின் மாதிரி இருக்கும். கையைக் காட்டினால் தோல் வழன்றுவிடும். அந்தச் சூட்டுக் காற்றை மடிப்புக்குள் விட்டு, மேலே உருளையை வைத்து அழுத்தினால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். பிறகு ஓட்டை போட்டு ரிங் அடிக்க வேண்டும். கட்டுகிற கயிறு அந்த ரிங்கில்தான் ஏறும்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஒரு பேனர் பிய்ந்துவிட்டது.

ஆடிக் காற்று. பஸ் ஸ்டாப்புக்கு மேலே கட்டியிருந்த பேனரில் ஒரு மூலை பிய்ந்து, கயிறும் ரிங்கும் சாட்டை மாதிரி வீசியது. கீழே கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பாப்பாத்தியின் புருவத்தில் பட்டது. ஏழு தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அந்தப் பேனரை மடித்து ஒட்டியவள் ராமாத்தாள்.

"கன் பழசாயிருச்சு அம்மிணி. சூடு ஒரே மாதிரி நிக்கறதில்ல. அதான்" என்றாள்.

கோகிலா பிய்ந்து வந்த மூலையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மேஜை டிராயரில் போட்டாள்.

அதற்குப் பிறகு ராமாத்தாள் தினமும் ஒரு தடவையாவது கன்னைக் குறை சொன்னாள். டீ கொண்டுவருகிறவரிடம் சொன்னாள். கரண்ட் பில் எடுக்க வந்தவரிடம் சொன்னாள். ஒருநாள் கோகிலாவிடமே கேட்டாள்.

"எந்த மிஷின் எடுத்தா தப்பே வராது அம்மிணி?"

"திருப்பூர்ல மூணு வகை வெச்சிருக்காங்களாம்க்கா. போய்ப் பாக்கலாம். ஓட்டப் போறது நீங்க. நீங்களே எடுங்க."

போகிற நாளன்று காலையில் அவசர வேலை ஒன்று வந்தது. ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி பேனர், இருபது அடி நீளம். கட்டப்போவது அதே பஸ் ஸ்டாப்புக்கு மேலே. ராமாத்தாள் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பேனர் கட்டுகிற ஆறுச்சாமி வண்டியோடு வந்து வாசலில் நின்றான்.

"என்னுங்க்கா, பேனரை மடிக்கறீங்களா, கல்யாணச் சேலையை மடிக்கறீங்களா?"

"வாயை மூடிட்டு நில்லு. முடிஞ்சுது."

அவள் கடைசி ரிங்கை அடித்தாள். ஆறுச்சாமி சுருட்டி எடுத்துப்போய் வண்டியில் வைத்தான். கோகிலா வாசல்வரைக்கும் போய் அவனிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

"நாலு மணிக்கு ஏத்தறானாம்க்கா. வாங்க, பஸ் வந்துரும்."

பஸ் ஸ்டாப்பில் பாப்பாத்தி பழையபடி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் பிளாஸ்திரி.

"புது மிஷின் வாங்கப் போறீங்களாமா? வாங்குங்க, வாங்குங்க. எனக்கு இன்னொரு புருவம் பாக்கி இருக்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆளுக்கொரு கொய்யா கொடுத்தாள்.

ராமாத்தாள் அந்தக் கொய்யாவைத் திருப்பூர் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள்.

மிஷின் கடையில் கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி வரவேற்றான். மணி மூன்று.

முதலில் டேப் ஒட்டுகிற மிஷினைக் காட்டினான். பிளெக்ஸை உள்ளே விட்டால் நடுவில் டேப் வைத்து மடித்து அழுத்தி வெளியே தள்ளியது. "இழுத்துப் பாருங்க மேடம்" என்றான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வரவில்லை.

"நல்லா இருக்குது" என்றாள் ராமாத்தாள்.

"மூலை?" என்றாள் கோகிலா.

"மூலையில மடிப்பு மேல மடிப்பு வருதுங்களே மேடம். அதை மட்டும் கையில ஒட்டிக்கணும்."

ராமாத்தாள் கொய்யாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

அடுத்தது தையல் மிஷின். கட்டை நூல், விரல் தடிமனுக்கு ஊசி. கடகடவென்று பத்தடி தைத்துக் காட்டினான். அதையும் இழுத்தார்கள். அதுவும் வரவில்லை.

"மூலை?"

"நாலு மடிப்புல விட்டா ஊசி முறிஞ்சிரும்ங்க. மூலைக்கு முன்னாடி நிறுத்திட்டு, கையில பாத்துக்கணும்."

வெளியே காற்று அடித்தது. கடையின் ஷட்டர் தடதடவென்று ஆடியது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

"அம்மிணி, காத்து ஜாஸ்தியா இருக்குது. இன்னிக்கு ஏத்த வேண்டாம்னு ஆறுச்சாமிகிட்டச் சொல்லிரலாமா?"

"ஏனுங்க்கா?"

"சும்மாதான். காத்து."

"ஆடியில காத்தில்லாத நாளுக்கு எங்கக்கா போறது?"

டை கட்டிய தம்பி மூன்றாவது மிஷினின் மேல் கிடந்த துணியை எடுத்தான்.

"இதுதாங்க மேடம் எல்லாத்துக்கும் ராஜா. சூட்டுக் காத்தை இதுவே விடும், இதுவே அழுத்தும், இதுவே நடந்து போகும். ஆள் சும்மா நின்னாப் போதும்."

மிஷின் சின்னச் சக்கரத்தில் தானாக ஊர்ந்தது. அதன் பின்னால் மடிப்பு கண்ணாடி மாதிரி படிந்துகொண்டே வந்தது. ராமாத்தாள் அதன் கூடவே நடந்தாள். பத்தடி நடந்தாள். மிஷின் நின்றது.

இந்தத் தடவை கோகிலா கேட்கவில்லை. கொய்யாவைத் தோலோடு கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ராமாத்தாள் கேட்டாள். "ஏந்தம்பி, மூலை?"

"மூலைக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுக்கும்ங்க. அதுக்கு மேல கையிலதான்."

"இதுக்கும் கைதானா?"

"எந்த ஊரு மிஷினுக்கும் மூலைக்குக் கைதாங்க மேடம்."

ராமாத்தாள் மிஷின் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கிருந்து மூலைவரைக்கும் கையை விரித்து வைத்தாள். சரியாக ஒரு சாண்தான் இருந்தது.

மூலை என்றால் பிளெக்ஸ் நாலு மடிப்பாக நிற்கும். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் கன்னை நிறுத்திப் பிடிக்க வேண்டும். விரல் வேகும். அவசரத்தில் அதைச் சும்மா மடித்து, மேலே ரிங்கை அடித்துவிட்டால் பார்க்க ஒட்டின மாதிரியே இருக்கும். ரிங் பிடித்துக்கொள்ளும் என்று கைக்கும் ஒரு தைரியம் வந்துவிடும்.

மணி மூன்று நாற்பது.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். பையிலிருந்து பட்டன் போனை எடுத்தாள். உள்ளே வைத்தாள். கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா தையல் மிஷினின் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி உங்களுக்குக் கடையில் வேலை இல்லை என்று கோகிலா சொல்லலாம். பாப்பாத்தி நாலு பேர் முன்னால் தலைமுடியைப் பிடிக்கலாம். கொடுத்த கொய்யா இன்னும் கையில் இருந்தது.

ராமாத்தாள் போனை எடுத்தாள். நம்பரை அழுத்தும்போது ஒரு தடவை தப்பாகப் போனது. மறுபடி அழுத்தினாள்.

"ஆறுச்சாமி, ஏத்தாத! இறக்கு! மேல இடது பக்கத்து மூலை ஒட்டல. நாந்தான் ஒட்டல. சும்மா மடிச்சு ரிங்கை அடிச்சுட்டேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"போன வாட்டியும் அப்படித்தாண்டா. கன் மேல தப்பில்ல. நாந்தான்."

அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

"அதுக்கேனுங்க்கா இப்படிக் கத்தறீங்க? பேனரு வண்டியிலயேதான் இருக்குது. ராமாத்தாக்கா போன் பண்ணாம ஏத்தக்கூடாதுன்னு கோகிலாக்கா காலையிலயே சொல்லிப்போட்டாங்கல்ல. உங்க போனுக்குக் காத்துக் காத்து இது மூணாவது டீ."

ராமாத்தாள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அணைக்க மறந்துவிட்டாள். அதில் ஆறுச்சாமி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா அம்மிணி?"

கோகிலா கைப்பையைத் திறந்தாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் பிய்ந்து வந்த அந்த மூலையை எடுத்து மடிப்பை விரித்துக் காட்டினாள். உள்பக்கம் ரோலில் வந்தபடியே பளபளவென்று இருந்தது.

"கன்னுல சூடு கம்மியா இருந்திருந்தாலும் ஒரு ஓரமாச்சும் உருகியிருக்கும்க்கா. இது சூட்டையே பாக்கல."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமல்ல?"

"கேட்டிருந்தா, கன்னைப் பத்தி இன்னும் ரெண்டு குறை சொல்லியிருப்பீங்க."

ராமாத்தாள் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னிக்கு மூலையும் தெரியுமா?"

"கடைசி ரிங்குக்கு முன்னால கன் சத்தம் கேக்கலீங்க்கா."

"நான் போனே பண்ணாம இருந்திருந்தா?"

"பேனரு வண்டியிலயே இருந்திருக்கும்."

ஷட்டர் மறுபடி ஒரு தடவை ஆடி நின்றது. ராமாத்தாள் கண்ணைத் துடைக்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

"பாப்பாத்திகிட்டயும் சொல்லோணும்" என்றாள்.

"ஆறு மணிவரைக்கும் அங்கதான் இருப்பாங்க."

"அடிச்சாலும் அடிப்பா."

"அடிக்கட்டும்."

டை கட்டிய தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் பில் புத்தகத்தோடு வந்து நின்றான்.

"மேடம், எந்த மிஷினுக்குப் போடட்டும்?"

ராமாத்தாள் மூன்று மிஷினையும் பார்த்தாள். பிறகு கோகிலாவிடம் திரும்பினாள்.

"எதை எடுக்கறது அம்மிணி?"

கோகிலா அந்தப் பிய்ந்த மூலையை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"இனி எதை எடுத்தாலும் சரிங்க்கா."