எல்லைக்கோட்டின் சொரசொரப்பு

“மேடம், பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்கச் சொரசொரப்பின் எண் கூடிக்கொண்டே போகிறது. இதில் எதை நிஜம் என்று எழுதுவது?”

கேட்டவர் சிவபாதம். அனல் மின்நிலையத்தில் மூத்த பொறியாளர். தலை பாதி நரைத்தபிறகு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர்.

குரு ஹெப்சிபா அவரைவிட ரொம்பவே இளையவர். சீடரை அவர் ‘சார்’ என்பார், குருவை இவர் ‘மேடம்’ என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைச்சல் இல்லை.

இரும்பு என்பது ஒரே கட்டி இல்லை. கண்ணுக்குத் தெரியாத மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மணிக்கும் மணிக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு. அது சொரசொரப்பாக இருந்தால் மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வழவழப்பாக இருந்தால் சூட்டில் வழுக்கும். வழுக்கிக்கொண்டே போனால் குழாய் ஒருநாள் பிளக்கும்.

சிவபாதம் அளந்துகொண்டிருந்தது, மின்நிலையத்தின் பழைய நீராவிக் குழாயில் வெட்டியெடுத்த துண்டை. நல்ல சொரசொரப்பு, இன்னும் தாங்கும் என்று அங்கே வாக்குக் கொடுத்தும்விட்டார். வெட்டிய இடத்தை அடைத்துவிட்டு, அன்று சாயங்காலம் குழாயில் மறுபடி நீராவி விடப்போகிறார்கள். அந்தக் குழாய்க்கு அடியில்தான் அவருடைய ஆட்களுக்கு வேலை.

ஹெப்சிபா நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்தார். கோடு ரம்பப் பல் மாதிரி பளிச்சென்று இருந்தது. எப்படி இவ்வளவு தெளிவாக வந்தது என்று விசாரித்தார்.

சிவபாதத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பாலிஷ் போட்ட துண்டை அமிலத்தில் முக்கி லேசாக அரிக்கவிட்டால்தானே கோடே தெரியும். மற்ற பிள்ளைகள் அவசரக் குடுக்கைகள், சட்டென்று எடுத்துவிடுகிறார்கள். தான் மட்டும் கோடு நன்றாக எழும்பும்வரை பொறுமையாக விட்டுவைப்பதாகச் சொன்னார்.

ஹெப்சிபா எழுந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு அதே துண்டை மறுபடி அமிலத்தில் போட்டார். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு எடுத்துக் கழுவி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, அளக்கச் சொன்னார்.

அளந்தார். எண் எங்கேயோ போய்விட்டது.

“கூடியிருக்கு மேடம்.”

“இப்பத்தானே முக்கினோம். அதுக்குள்ள குழாய்க்குப் பலம் கூடிடுச்சா சார்?”

சிவபாதம் எண்ணை மறுபடி பார்த்தார்.

ஹெப்சிபா துண்டை எடுத்துப் பழைய கோடே தெரியாதபடி பாலிஷ் போட்டார். இந்தத் தடவை சும்மா முக்கி எடுத்தால் போதும் என்று அவர் கையில் கொடுத்தார்.

முக்கினார். எடுத்தார். பார்த்தார்.

கோடு மங்கல்தான். ஆனால் நேராக ஓடியது. பல்லும் இல்லை, ஒன்றும் இல்லை.

இடத்தை மாற்றிப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. துண்டு மாறிப்போயிருக்குமோ என்று புரட்டினார். பின்பக்கம் அவரே கீறிய அடையாளம் இருந்தது.

“அப்ப இத்தனை நாளா நான் எதை மேடம் அளந்தேன்?”

ஹெப்சிபா அமிலப் புட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

சிவபாதம் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. போனை எடுத்து மின்நிலையத்தைக் கூப்பிட்டார். எடுத்தது அவருடைய உதவிப் பொறியாளர் மாசானம். ஆட்கள் அடியில் இறங்கிவிட்டார்கள், வால்வைத் திறக்கப் போகிறோம் என்றான்.

“திறக்காதே. எல்லாரையும் வெளியே கூப்பிடு. முதல்ல அதைச் செய்.”

மாசானம் கத்துவதும், இரும்புப் படிகளில் பூட்ஸ் கால்கள் ஏறி வருவதும் கேட்டன. கடைசி ஆள் வெளியே வரும்வரை சிவபாதம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மாசானம் திரும்பப் போனுக்கு வந்தான். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நல்லா இருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க, குழாயைப் பார்த்துட்டுத்தானே சொன்னீங்க என்று கேட்டான்.

சிவபாதம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“இல்ல மாசானம். நான் பார்த்தது என் கைவேலையை.”