முன்னாடி மட்டும் கிரீஸ்

“கதிரேசனுக்கு மட்டும் எதுக்குங்க அம்மணி அத்தனை நல்ல வார்த்தை?” என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

பூங்கொடி காருக்கு அடியில் படுத்திருந்தாள். கைதான் வெளியே வந்தது.

அந்தக் கை எப்படி விரிந்தால் எந்த ஸ்பேனர் என்று அவருக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தார்.

பொள்ளாச்சியில், வால்பாறை ரோட்டில் இருக்கிறது பட்டறை. வண்டிக்கு அடியில் சத்தம் வந்தால் இங்கேதான் கொண்டுவருவார்கள். பூங்கொடிதான் குரு. வயது முப்பது. வெள்ளியங்கிரி சிஷ்யர். வயது ஐம்பதுக்கு மேல். லாரி ஓட்டியது போதும் என்று தொழில் கற்க வந்தவர். பட்டறைக்குக் கூரை போடும் முன்பே வந்துவிட்டார்.

கதிரேசன் இந்தப் பொங்கலுக்குப் பிறகு வந்தவன். நல்ல வேலைக்காரன். மூஞ்சி மட்டும் எப்போதும் உர்ரென்று இருக்கும். அன்றைக்கு லீவு.

“காலையில வந்ததும் ‘சாப்டீங்களா கதிரு’ங்கறீங்க. போறப்ப ‘அருமையா செஞ்சீங்க’ங்கறீங்க. எனக்கு?”

“உங்களுக்கு என்னங்ண்ணா?”

“அதை எடுங்க, இதைப் புடிங்க. அவ்வளவுதான்.”

பொறாமைதான். இதற்கு வேறு நல்ல பேர் தேட வேண்டாம்.

“சாப்டீங்களாங்ண்ணா?” என்றாள் அவள், அடியிலிருந்தே.

“இப்பக் கேட்டு என்ன பண்றது.”

அவள் சிரித்தது கேட்டது. அதுதான் அவரை இன்னும் கிளப்பிவிட்டது.

“நாளையிலிருந்து உடுமலைப் பட்டறைக்குப் போறேனுங்க. வரச் சொல்லீட்டாங்க.”

சொந்த ஸ்பேனர்களை ஏற்கெனவே மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்தார்.

பூங்கொடி வெளியே வந்து கையைத் துடைத்தாள்.

“சரிங்ண்ணா. இந்த வண்டிய முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க.”

போகாதீங்க என்பாள் என்று நினைத்திருந்தார். அவள் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம், வண்டியோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் இருக்கும். அதுதான் புஷ். இந்த வண்டியின் முன் சக்கரங்களுக்கு யாரோ புதுசாக பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் புஷ் போட்டிருந்தார்கள். சிவப்பாக, கெட்டியாக, அழகாக இருந்தது. ஆனால் கிரீஸ் தடவாமல் காயக் காய மாட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மைனா மாதிரி கத்தியது. பின்னாடி இருந்தது பழைய ரப்பர் புஷ். அதில் சத்தமே இல்லை.

“சிலிக்கான் கிரீஸ் எடுத்துக்கங்க. சாதா கிரீஸ் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, பூங்கொடி சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போனாள்.

அவர் முன் ஆர்மைக் கழற்றினார். புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலை உருவினார். உள்ளே வெளியே எல்லாம் கிரீஸ் தடவி மாட்டினார். குறை சொல்ல முடியாத வேலை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவள் திரும்பி வந்தபோது பின் ஆர்மும் கீழே கிடந்தது. ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஒரு ஸ்குரூடிரைவர் குத்தி நின்றது. ரப்பர் குழலை விட்டுக் கிழிந்திருந்தது. கிழிந்த இடமெல்லாம் கிரீஸ்.

“என்னங்ண்ணா இது?”

“கிரீஸ் வெக்க எடமே இல்லீங்க அம்மணி. அதான் கொஞ்சம் நெம்புனேன்.”

“இது சத்தமே போடலையே. இதுக்கு எதுக்கு வெச்சீங்க?”

வெள்ளியங்கிரி தரையைப் பார்த்தார்.

“முன்னாடி இருக்கறதுக்கு மட்டும் வெச்சா, பின்னாடி இருக்கறது என்னங்க நெனைக்கும்?”

பூங்கொடி திட்டவில்லை. அலமாரியிலிருந்து ஒரு புது பாலி புஷ் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“குழலைக் கழட்டுங்க.”

ஒரு விரலால் தள்ளினார். வழுக்கி வெளியே விழுந்தது.

“குழல் வேற, புஷ்ஷு வேறங்ண்ணா. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுத்தோணும். நடுவுல எதுவும் இல்லீன்னா உரசிக் கத்தும்.”

அடுத்து ஒரு புது ரப்பர் புஷ் கொடுத்தாள்.

“இதைக் கழட்டுங்க.”

தள்ளினார். அசையவில்லை. முறுக்கினார். ரப்பரும் கூடவே முறுகியது. விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முறுக்கினார். அப்போதும் வந்து நின்றது.

“வர மாட்டேங்குதுங்க.”

“வராதுங்ண்ணா. இரும்போட சேத்து ஒட்டியே செஞ்சது.”

அவர் கிழிந்த புஷ்ஷைப் பார்த்தார். கையிலிருந்த புதுசைப் பார்த்தார்.

“அப்ப இதுக்குக் கிரீஸே வேண்டாமுங்களா?”

பூங்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எடம் எங்கீங்ண்ணா இருக்குது வெக்கறதுக்கு?”

வெள்ளியங்கிரி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

அவள் மறுபடி காருக்கு அடியில் போனாள். கை வெளியே வந்து விரிந்தது.

மஞ்சள் பையை அவிழ்த்து, அந்த ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.